ஒட்டன்சத்திரத்தில் சந்தையைத் தவிர என்ன இருக்கிறது?

சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர் நீங்கள். மனைவிக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் மாதம் குழந்தையோடு அங்கே குடிபோகிறீர்கள். “காய்கறி மார்க்கெட்டைத் தவிர அந்த ஊரில் ஒன்றுமில்லை என்கிறார்கள், அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை எவ்வளவு, பேருந்து வசதி எப்படி என்பதெல்லாம் ஒரு நாள் நேரில் போனாலே தெரிந்துவிடும். நீங்கள் கேட்பது அதை அல்ல என்று நினைக்கிறேன். ஊரே ஒரு தொழிலைச் சுற்றி இயங்கும்போது, அந்தத் தொழிலில் இல்லாத குடும்பத்துக்கு அங்கே என்ன இடம் என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் வேளாண் விற்பனைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில்தான் பெரும்பாலான காலம் இருந்தேன். எடை, விலை, கமிஷன், சட்டம் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பி எடுத்துக்கொள்ளலாம்; அது என் வேலை. ஊர் மனிதர்களைப் பற்றிச் சொல்வது அப்படியல்ல. அது அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தவன் கண்டதும், டீக்கடையில் கேட்டதும். குறிப்பாக, மூட்டை தூக்குபவர்கள், வெங்காயம் அரிபவர்கள் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்கள் சொன்ன அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

‘சந்தையைத் தவிர ஒன்றுமில்லை’ என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் குறையாகச் சொல்பவர்கள் சந்தை என்பதை ஒரு கட்டடமாகப் பார்க்கிறார்கள். ஊர் எப்போது தூங்குகிறது, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, எந்த மாதம் கல்யாணம் வைப்பது, யாருக்கு யார் கடன் கொடுப்பது எல்லாமே அங்கேதான் முடிவாகின்றன. அதனால் சந்தை எப்படி நடக்கிறது என்று புரிந்தால் ஊர் பாதி புரிந்துவிடும்.

ஒட்டன்சத்திரம் திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் ஏறக்குறைய நடுவில், இரண்டுக்கும் 30 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. தெற்கே பழனி மலைத்தொடர். வடக்கே கள்ளிமந்தையம், இடையகோட்டை என்று விரியும் மேட்டுநிலம். காவிரிக் கரைபோல ஆற்றுப் பாசனம் கிடையாது. பரப்பலாறு அணை சிறியது. மற்றபடி கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான். இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு பத்து ஏக்கரில் நெல் போட முடியாது. ஆனால் ஒரு ஏக்கரில் கத்தரி, அரை ஏக்கரில் தக்காளி, வரப்போரம் முருங்கை என்று போடலாம். நெல் நான்கு மாதம் கழித்து ஒருமுறை பணம் தரும். காய்கறி, காய்க்கத் தொடங்கிவிட்டால், ஒன்றுவிட்டு ஒரு நாள் பணம் தரும். பதிலுக்கு அது கேட்பது ஒன்றுதான்: பறித்த அன்றே விற்றாக வேண்டும். இந்த அவசரம்தான் அந்தச் சந்தையை உண்டாக்கியது.

கோயம்பேட்டுக்கு அடுத்து தமிழ்நாட்டின் இரண்டாவது பெரிய காய்கறிச் சந்தை இது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எல்லாச் சந்தைகளையும் ஒரே அளவுகோலால் அளந்து வரிசைப்படுத்திச் சொன்னதல்ல. ஊர்ப் பெருமையாக எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமே இல்லாத விஷயம் வேறு. இங்கே வரும் காயின் பெரும் பகுதி உள்ளூர் சமையலுக்கு அல்ல, கேரளத்துக்குப் போகிறது. பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கும், இன்னொரு பக்கம் தேனி, குமுளி வழியாக இடுக்கி, கோட்டயம் பக்கமும் லாரிகள் போகின்றன. கேரளத்தில் விடியற்காலையில் கடை திறக்கும்போது காய் அங்கே இருக்க வேண்டும். ஆகவே இங்கே பகலெல்லாம் வரத்து, மாலையில் ஏற்றுமதி, இருட்டியதும் லாரி கிளம்பும். கோயம்பேட்டில் நள்ளிரவில் வந்து இறங்குவதைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இது தலைகீழாகத் தெரியும்.

சந்தைக்கு வார விடுமுறை சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கேரளத்தில் வியாபாரம் மந்தம், அதனால் முந்தின நாள் இங்கே ஏற்றுவதில்லை என்று வியாபாரிகள் காரணம் சொல்வார்கள். ஆக, ஊரின் ஓய்வு நாளைக்கூட அண்டை மாநிலத்துச் சமையலறைதான் தீர்மானிக்கிறது. வெள்ளி இரவுக்குப் பிறகு லோடுமேன்கள் வீட்டில் இருப்பார்கள். சனிக்கிழமை மொட்டை போடுவதும், காது குத்துவதும், பெண் பார்க்கப் போவதும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஓய்வாக வெளியே வந்தால் ஊர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

நாட்காட்டியும் இப்படித்தான். உங்கள் மனைவியின் பள்ளியில் ஓணத்துக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் ஓணத்துக்கு முந்தைய பத்து நாள்தான் இந்த ஊரின் உச்சம். சாம்பார், அவியல், ஓலனுக்கு வேண்டிய பூசணி, சேனை, முருங்கை, பயத்தங்காய், வெள்ளரி எல்லாம் அப்போது மலைபோலக் குவியும். சித்திரை விஷுவுக்குக் கணி (விடிந்ததும் முதலில் பார்க்கும் மங்கலப் பொருட்கள்) வைக்கும் மஞ்சள் வெள்ளரியை நம் ஆட்கள் சாப்பிடுவது அபூர்வம். ஆனாலும் அந்த நாளைக் கணக்குப் பண்ணி விதை போடுபவர்கள் இங்கே இருக்கிறார்கள். கேரளத்தில் ஒருநாள் ஹர்த்தால் என்றால் இங்கே அன்று காய் விலை விழும். 2018 ஆகஸ்டில் ஓணத்துக்குச் சற்று முன்பு கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, அந்தப் பண்டிகையை நம்பிப் பயிர் வைத்திருந்தவர்களுக்குக் காயை அனுப்ப இடமே இல்லாமல் போனது. வெள்ள நிவாரணத்துக்கு ஊர் ஊராகப் பொருள் சேகரித்து அனுப்பியதும் இதே பக்கத்து மக்கள்தான். அங்கே இருப்பவர்களை இவர்கள் வெறும் வாடிக்கையாளர்களாக நினைப்பதில்லை.

இனி, வியாபாரம் நடக்கும் விதம். காந்தி காய்கறி மார்க்கெட் என்று பெயர். உள்ளே வரிசையாகக் கமிஷன் கடைகள். விவசாயி மூட்டையைத் தன் வழக்கமான கடையில் இறக்குவார். கடைக்காரர் அதை வாங்குவதில்லை, விற்றுக் கொடுக்கிறார். வாங்குபவர் கேரளத்துக்கு அனுப்பும் வியாபாரியோ அவருடைய ஆளோ. விற்ற தொகையில் கமிஷன் கழித்து, இறக்குக் கூலி கழித்து, மீதியைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன் என்பது தமிழ்நாட்டுக் காய்கறி மண்டிகளில் பரவலான வழக்கம். கடைக்குக் கடை, ஆளுக்கு ஆள் மாறும். தக்காளி மட்டும் பெட்டிக் கணக்கு. 14 கிலோ பெட்டி. நாளிதழில் ‘பெட்டி 300 ரூபாய்’ என்று வந்தால் பதினான்கால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். 1,000 கிலோ கத்தரிக்காய் கிலோ 12 ரூபாய்க்குப் போனால் 12,000 ரூபாய். கமிஷன் 10 சதவீதம் என்றால் 1,200 ரூபாய். பறிப்புக் கூலி, வண்டி வாடகை, சாக்கு, இறக்குக் கூலி சேர்ந்து 4,000 ரூபாய் என்று வையுங்கள். கையில் 6,800 நிற்கும். அதே காய் மறுநாள் 4 ரூபாய்க்குப் போனால் மொத்தமே 4,000. கமிஷன் 400 ஆக இறங்கிவிடும், ஆனால் அந்த 4,000 ரூபாய்ச் செலவு ஒரு பைசா குறையாது. விவசாயி கையிலிருந்து 400 ரூபாய் போட்டு வீட்டுக்குப் போக வேண்டும். தக்காளியைச் சாலையோரம் கொட்டினார்கள், ஆட்டை விட்டு மேயவிட்டார்கள் என்று செய்தி வரும்போது, ‘ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே’ என்று நகரத்தில் சிலர் எழுதுவார்கள். கொடுக்க வேண்டுமானால் முதலில் பறிக்க வேண்டும். பறிக்கக் கூலி வேண்டும். பறிக்காமல் விடுவதுதான் அன்றைக்கு மிகக் குறைந்த நஷ்டம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. விலை விழுந்த மாதங்கள் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அந்த மறதி எனக்கு இன்றும் கோபத்தை உண்டாக்குகிறது.

அப்படியானால் ஏன் கமிஷன் கடைக்கே போகிறார்கள், அரசு விற்பனைக்கூடம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் பழைய ஏற்பாடு. 1933இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. 1936இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் கூடம் திறந்தார்கள். இப்போதிருப்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். விவசாயியிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது, எடை சரியாக இருக்க வேண்டும், மறைமுக ஏலம் (ஒருவர் எழுதிக் கொடுக்கும் விலை மற்றவருக்குத் தெரியாத ஏலம்) நடக்க வேண்டும் என்பதெல்லாம் நல்ல விதிகள். மக்காச்சோளம், நிலக்கடலை, பருத்தி, கொப்பரைக்கு அந்த ஏற்பாடு உண்மையாகவே பயன்படுகிறது. விலை பிடிக்காவிட்டால் கிடங்கில் வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கி, ஒரு மாதம் காத்திருக்கலாம். காத்திருக்க முடிந்தவனுக்குத்தான் பேரம் பேசும் பலம் உண்டு. வெண்டைக்காய் காத்திருக்காது. நாளைக்கு அது முற்றிவிடும் என்பது வாங்குபவருக்கும் தெரியும்.

உழவர் சந்தையும் அப்படித்தான். 1999 நவம்பர் 14இல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டம் அருமையானது என்றே இன்றும் சொல்வேன். ஆனால் 40 கிலோ கீரையும் கத்தரியும் கொண்டுவந்து, தானே தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து, கிலோ கிலோவாக விற்க முடிகிறவருக்கான இடம் அது. ஒரு டன் பீர்க்கங்காய் பறித்தவர் அங்கே உட்கார்ந்தால் மூன்று நாள் ஆகும்.

இதைவிடப் பெரிய காரணம் கடன். விதை வாங்க, போர் மோட்டார் ரிப்பேர் செய்ய, மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கமிஷன் கடைக்காரர் முன்பணம் தருகிறார். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, பெரும்பாலும் வட்டியும் இல்லை. வெளியே சொல்லாத நிபந்தனை ஒன்று உண்டு: விளைவதெல்லாம் இந்தக் கடைக்கே வர வேண்டும். வங்கியில் ஒரு கையெழுத்துக்கு நாலு தடவை நடந்தவர், இங்கே ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்து பணம் வாங்குகிறார். துறையில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு இடைத்தரகர் என்றாலே சுரண்டுபவர் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். சுரண்டல் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூட்டைக்கு ஒன்றிரண்டு கிலோவைக் கழிவு என்று தள்ளுவதும், முன்பணம் வாங்கியவரின் காய்க்கு மட்டும் விலை கொஞ்சம் இறங்கி முடிவதும் நான் பார்த்தவை. மின்னணுத் தராசு வந்த பிறகு எடையில் ஏமாற்றுவது குறைந்தது. விலையில் நடப்பதை எந்தத் தராசும் காட்டாது. ஆனால் விளைச்சல் பொய்த்த வருஷம் அந்தக் கடனைக் கேட்காமல் அடுத்த போகத்துக்கும் பணம் கொடுத்த கடைக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். அரசாங்கம் அந்த இடத்தை நிரப்பாதவரை அவரை அகற்ற முடியாது என்பது என் முடிவு.

இந்தக் கடன்தான் ஊரின் பண்பாடு என்றுகூடச் சொல்வேன். விவசாயி வீட்டுக் கல்யாணத்தில் கமிஷன் கடைக்காரர் முன்வரிசையில் இருப்பார், மொய் எழுதுவார். அவர் வீட்டுத் துக்கத்துக்கு விவசாயி மாலையோடு போவார். ‘அவங்க கடைக்குத்தான் எங்கப்பா காலத்திலிருந்து போடுறோம்’ என்பது அங்கே குடும்ப வரலாறு. மளிகைக் கடை, உரக்கடை, நகைக்கடை எல்லாமே இந்தப் பேரைக் கேட்டுத்தான் கணக்கு வைக்கும். ‘யாரு கடைக்குப் போடுறீங்க?’ என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் ஊரில் உங்களுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது என்று பொருள்.

உழைப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. விடியற்காலையில் பெண்கள் வேனிலும் சரக்கு ஆட்டோவிலும் நின்றுகொண்டு பறிப்புக்குப் போவதை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைத்து, விலை வரும்போது எடுத்து, தாள் அரிந்து, தரம் பிரிப்பது முழுக்க அவர்கள் வேலை. ஒரே வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பது இன்னும் மாறவில்லை. நூறு நாள் வேலைத் திட்டம் வந்த பிறகு ‘ஆள் கிடைக்கவில்லை’ என்று நிலக்காரர்கள் குறைப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறுத்துப் பேச ஒரு வழி கிடைத்ததால்தான் பெண்களின் கூலி கொஞ்சமாவது ஏறியது. வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளின் வேன்கள் இளம்பெண்களை ஊர் ஊராக வந்து ஏற்றிப் போகின்றன. அடுத்த தலைமுறை பறிப்புக்கு வரப்போவதில்லை.

சாதியைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடு தேடும் முதல் நாளே அது உங்கள் முன்னால் வரும். நிலமும் கடையும் பெரும்பாலும் சில சாதிகளிடம் இருக்கின்றன. பறிப்பும் சுமையும் பெரும்பாலும் வேறு சில சாதிகளிடம். வீட்டுக்காரர் சுற்றிவளைத்து ‘நீங்க எந்தப் பக்கம், குலதெய்வம் எது?’ என்று கேட்டால் விசாரிப்பது அதைத்தான். சென்னையிலும் இந்தக் கேள்வி உண்டு, அங்கே கொஞ்சம் ஒளித்துக் கேட்பார்கள். பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். அரசுப் பள்ளி ஆசிரியர் வீடு என்பதால் உங்களுக்குக் கிடைக்கும் மரியாதை எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பேச்சைப் பொறுத்தவரை இது கொங்கின் கிழக்கு ஓரம், மதுரையின் மேற்கு ஓரம். ஒரே டீக்கடையில் ‘ஏனுங்க’வும் கேட்கும், ‘என்னண்ணே’வும் கேட்கும். வீட்டில் தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர் குடும்பங்கள் சுற்று ஊர்களில் நிறைய. அவர்களுடைய தேவராட்டத்தை உறுமி அடிக்கு ஊர்த் திருவிழாவில் அவர்கள் ஆடப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். மேடைக் கலை நிகழ்ச்சியில் ஆடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழனி போகும் வழியில் இருக்கும் விருப்பாட்சி ஒரு காலத்தில் பாளையம். கணவரை 1772இல் இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்தவர் அங்கே ஆண்ட கோபால் நாயக்கர். ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்து 1801இல் தூக்கிலிடப்பட்டார். பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாக வரும் இந்தச் செய்தி, உங்கள் மனைவியின் மாணவர்களுக்குப் பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய இடம்.

அதே விருப்பாட்சியின் பெயரில்தான் மலை வாழை புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. சின்னப் பழம், நல்ல மணம், வெளியே கறுத்தாலும் உள்ளே கெடாது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழம்தான் பெயர்பெற்றது. முடிக்கொத்து நோய் மலைத் தோட்டங்களில் பெருமளவு மரங்களை அழித்துவிட்டதால் முன்போல வரத்து இல்லை. கிடைக்கும்போது வாங்கிச் சாப்பிடுங்கள். வெண்ணெய், நெய்க்கும் இந்த ஊர் பெயர்பெற்றது. சாப்பாட்டைப் பற்றி வேறு கவலை வேண்டாம். லாரிக்காரர்களும் சுமைக்காரர்களும் சாப்பிடும் ஊரில் ருசியில்லாமல் யாரும் கடை நடத்த முடியாது.

தை மாதத்தில் ஊர் வேறொரு முகம் காட்டும். தைப்பூசத்துக்கு மதுரை, சிவகங்கை, காரைக்குடிப் பக்கத்திலிருந்து வரும் பாதயாத்திரைக்காரர்கள் திண்டுக்கல் வழியாக இந்தச் சாலையில்தான் பழனிக்கு நடக்கிறார்கள். இரவும் பகலும் பச்சையும் காவியுமாக ஒரு வரிசை. சாலையோரம் அன்னதானப் பந்தல், வெந்நீர், கால்வலித் தைலம். வருஷம் முழுக்க எடையிலும் விலையிலும் ஒரு ரூபாய் விட்டுக்கொடுக்காத கடைக்காரர் அப்போது மூட்டை மூட்டையாகக் காயை அன்னதானத்துக்கு அனுப்புவார். கணக்கு எழுத மாட்டார். நீங்கள் சந்தையில் இல்லாதவர் என்பது அந்த வாரத்தில் யாருக்கும் பொருட்டில்லை. ஒரு பந்தலில் போய் இலை போட நின்றுவிடுங்கள். ஊரோடு பழக அதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

வெளியாட்களை ஊர் ஏற்குமா என்ற உங்கள் தயக்கத்துக்கு ஊரின் மருத்துவமனையே பதில். 1955இல் கேரளத்திலிருந்து வந்த மருத்துவர்கள் சிலர் இங்கே கிறிஸ்டியன் பெலோஷிப் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். சுற்று வட்டாரத்தில் பல குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறை அங்கேதான் பிறந்தது. காய் அந்தப் பக்கம் போக, வைத்தியம் இந்தப் பக்கம் வந்தது என்று வயதானவர்கள் சொல்வதுண்டு.

மாறிக்கொண்டிருப்பவை சில. ஆழ்துளைக் கிணற்றின் ஆழம் கூடிக்கொண்டே போகிறது. சாலையோர நிலம் மனைகளாகிறது. விலை இப்போது வாட்ஸ்அப்பில் வந்துவிடுவதால், மூட்டையோடு வரும் முன்பே விவசாயிக்கு நிலவரம் தெரிகிறது. இது சின்ன விஷயமல்ல. பூச்சிமருந்து விவகாரம் பெரியது. 2015இல் கேரள அரசு, தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் மருந்து எச்சம் இருக்கிறதா என்ற சோதனையைத் தீவிரமாக்கியது. நம் பக்கத்தில் அதை வெறும் அரசியல் என்று பலர் ஒதுக்கினார்கள். மருந்தடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்ற விதியை விலை ஏறிய நாளில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது வயலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அதை வெறும் அரசியல் என்று என்னால் சொல்ல முடியாது. மருந்தை முதலில் சுவாசிப்பவர் அதைத் தெளிக்கும் நம் கூலியாள்.

சரி, உங்களுக்கு நடைமுறையில் சில. சந்தைக்கு அருகே வீடு பார்க்க வேண்டாம். நள்ளிரவு வரை லாரிச் சத்தம், மழைக்காலத்தில் அழுகல் நாற்றம். காய் வாங்க மொத்தச் சந்தைக்குள் போய் ஒரு கிலோ கேட்டு நிற்க வேண்டாம், வேலை நேரத்தில் அது இடைஞ்சல். சில்லறைக் கடைகள் வெளியே இருக்கின்றன. ஆனால் ஒருநாள் மாலை நான்கு மணிக்கு மேல் குழந்தையை அழைத்துப் போய் ஓரமாக நின்று பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். விலை என்ன என்று எல்லோரிடமும் கேளுங்கள்; அங்கே அது நலம் விசாரிப்பதுதான். பொழுதுபோக்கு என்று தேடினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெரிய புத்தகக் கடைக்கும் நல்ல திரையரங்குக்கும் திண்டுக்கல்லோ மதுரையோ போக வேண்டும்.

உங்கள் மனைவியிடம் சொல்ல வேண்டியது ஒன்று. காய் விலை விழுந்த வாரங்களில் சில பிள்ளைகள் நோட்டு வாங்காமல் வருவார்கள், சுற்றுலாவுக்குப் பேர் கொடுக்க மாட்டார்கள். பறிப்பு மும்முரமான நாட்களில் தாமதமாக வருவார்கள் அல்லது வரவே மாட்டார்கள். அலட்சியம் என்று நினைக்கும் முன் அன்றைய விலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோரைப் பள்ளிக்கு அழைப்பதாக இருந்தால் முடிந்தவரை சனிக்கிழமை வைக்கச் சொல்லுங்கள். மற்ற நாளில் அம்மா மட்டும் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவார். சனிக்கிழமை என்றால் அப்பாவும் வருவார்.